இருபது பட்டை

நான் உட்கார்ந்து வேலை செய்யும் நாற்காலிக்கு இடது கை கிடையாது. நான் வருவதற்கு முன்பே உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் சாய்ந்தால் விழுந்துவிடுவோமோ என்று வருடக்கணக்காக வலது பக்கமே சாய்ந்து உட்கார்ந்ததில் இடுப்பும் கோணிக்கொண்டது. தைலம் தேய்த்தாலும் நேராவதில்லை. ஆனால் இந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிடுவார்களோ என்ற பயத்துக்கு முன்னால் அந்த வலியெல்லாம் ஒன்றுமே இல்லை.

தருமபுரி டவுனில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கடை திறப்பு என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் எங்கள் மெஷினுக்குள் புகுந்துதான் வெளியே வரும். நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். முதலில் ஓரம் மடித்து ஒட்டவும், ஓட்டை போட்டு வளையம் அடிக்கவும்தான் அங்கே சேர்ந்தேன். தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை. அப்போது டிசைன் போட்டுக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். ஓனர் இரண்டு நாள் ஆள் தேடிவிட்டு, "நீதான் எந்நேரமும் அவ பின்னாடி நின்னு பாத்துக்கினு இருப்பியே, உக்காந்து பாரு" என்றார். உட்கார்ந்தேன். வேறு ஆள் கிடைக்கும்வரைக்கும் என்று அன்றைக்குச் சொன்னது. அந்த வார்த்தையை ஓனர் அப்புறம் எடுக்கவில்லை. நான்தான் இன்னும் விடவில்லை.

இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். டிசைன் போடும் சாஃப்ட்வேரில் இருக்கும் சொற்கள் பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது, இடம்தான் தெரியும். மேலே மூன்றாவது, அதைத் திறந்தால் கீழேயிருந்து இரண்டாவது. அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டு உப்பு டப்பாவை எடுக்கிற மாதிரி. அதனால் டப்பாக்களை யாராவது மாற்றி வைத்துவிடுவார்களோ என்று எப்போதும் ஒரு பதற்றம். கம்ப்யூட்டர் சரிசெய்ய ஆள் வந்தால் கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அவர் பின்னாலேயே நின்றுகொண்டு, "எதையும் மாத்திடாதீங்க சார், எதையும் மாத்திடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அந்தச் சொல்தான் என்னை மாட்டிவிட்டது. ஆனால் அது மாட்டிவிட்டது என்று தெரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

ஷேடு என்போம் நாங்கள். ஒரு நிறம் மெல்ல மெல்லக் கரைந்து இன்னொரு நிறமாவது. மேலே கருநீலம், கீழே வர வர வெளிர்நீலம் என்று பேனரின் பின்னணியில் வானம் மாதிரி ஓடுமே, அது. பார்ப்பவர்களுக்கு அது ஒரே ஓட்டமாகத் தெரியும். உண்மையில் கம்ப்யூட்டர் அதைச் சின்னச் சின்ன படிகளாகத்தான் போடுகிறது. படிகள் நிறைய இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. குறைந்தால் பட்டை பட்டையாகத் தெரியும்.

எங்கள் பழைய கம்ப்யூட்டர் பெரிய ஷேடு வந்தால் அப்படியே நின்றுவிடும். ஒருநாள் கல்யாண பேனருக்கு ஆட்கள் வாசலில் நிற்க, அது நின்றுவிட்டது. ஓசூருக்குப் போன பெண்ணுக்குப் போன் செய்தேன். "ஷேடுக்குள்ள ஒரு சின்ன கட்டம் இருக்கும்க்கா, அதுல நம்பரைக் கொறைச்சுடு, ஓடும்" என்றாள். இருபது என்று போட்டேன். ஓடியது. அந்த இருபதையே எப்போதும் வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன். பிறகு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அது எவ்வளவு பெரிய ஷேடையும் தண்ணீர் குடிக்கிற மாதிரி குடிக்கும். ஆனால் நான் கெஞ்சியதால், அதைப் பொருத்த வந்த ஆள் பழைய கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே இதற்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். இருபதும் கூடவே வந்தது. நான் அதை மறந்தும்போனேன்.

அதற்குப் பிறகு எங்கள் பேனர்களில் பட்டை விழுந்தால் எல்லோரும் மெஷினைத்தான் சொல்வார்கள். மெஷின் என்றால் மெஷினை ஓட்டும் அண்ணனை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கர்நாடக எல்லைப் பக்கத்து ஊர்க்காரர், வீட்டில் கன்னடம். வேண்டாம் என்பதற்கு "பேடம்மா பேடா" என்பார். மெஷினில் மை தெளிக்கும் பாகத்துக்கு ஹெட் என்று பெயர். அது அடைத்துக்கொண்டாலும் பட்டை வரும். அதனால் பட்டை என்று யாராவது வாயைத் திறந்தாலே ஓனர், "ஹெட்டைக் கழுவய்யா" என்பார். அண்ணன் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அந்த மருந்து வாடைக்குள் தலையை விட்டுக்கொண்டு கழுவுவார். நான் பத்தடி தள்ளி என் நாற்காலியில் வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன்.

என் வீடு பாப்பாரப்பட்டியில். தினமும் டவுன் பஸ். வரும் வழியில் ரோட்டோரத்தில், தக்காளி வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு கம்பெனி ஷெட் போட்டது. தக்காளிக்கு நிறம்தான் கணக்கு. லாரி தூர ஊருக்குப் போகிற நாளில் பச்சை விடாத காயாகப் பறிக்கவேண்டும், போய்ச் சேரும்போது பழுத்திருக்கும். பக்கத்து ஊர் என்றால் சிவந்ததைப் பறிக்கலாம். நடுவில் பாதி பழுத்த செங்காய். தினமும் லாரி எங்கே போகிறது என்பதைப் பொறுத்துப் பறிக்கிற நிறமும் மாறும். அதைக் காட்டுவதற்கு ஷெட் சுவரில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு போர்டு வேண்டும் என்று கேட்டார்கள். இடது கோடியில் பச்சை, வலது கோடியில் சிவப்பு, நடுவில் ஒன்று இன்னொன்றாக மாறும் ஷேடு. மேலே கம்பெனி பெயர். அவ்வளவுதான்.

பச்சையை வைத்தேன், சிவப்பை வைத்தேன், இழுத்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை. அடித்துக் கொடுத்தோம், மாட்டினார்கள். ஒரு பருவம் முழுக்கப் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன். நின்று பார்க்கவில்லை.

அப்புறம் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் பெங்களூரிலிருந்து ஷெட்டைப் பார்க்க வந்திருக்கிறார். மறுநாள் உள்ளூர் அதிகாரி எங்கள் கடைக்கு வந்து போனை நீட்டினார். அதில் எங்கள் போர்டின் படம்.

"இது என்னங்க, படிக்கட்டு மாதிரி இருக்கு? நடுவுல சேறு பூசின மாதிரி ஒரு நிறம் வேற. தக்காளில இந்த நிறத்தை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

ஓனர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பச்சையிலிருந்து சிவப்பு வரைக்கும் பட்டை பட்டையாக, நடுவில் மூன்று பட்டை மாட்டுச் சாணி நிறத்தில். உள்ளே திரும்பி, "யோவ், ஹெட்டைக் கழுவறியா இல்ல மோந்து பாத்துட்டு வெச்சுடறியா?" என்று கத்தினார்.

"காலைலதான் சார் கழுவினேன்."

"அப்ப இது என்னா? ஃபைல்லயா இருக்குது?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "இன்னொரு தபா போட்டுத் தரோம் சார். இந்தத் தபா கோடு விழுந்துச்சுன்னா டிசைனை சேலத்துல குடுத்து வாங்கறேன். அங்க ஒரு ஆளு இருக்கறான், எப்ப வேணா இங்க வந்து உக்காரத் தயாரா இருக்கறான்" என்றார்.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாரோ என்னவோ. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆள் எங்கே உட்காருவான்? கடையில் இருப்பது ஒரே நாற்காலி. நான் மறுபடியும் தரையில் உட்கார்ந்து வளையம் அடிப்பதை நினைத்துப் பார்த்தேன். கோணின இடுப்போடு தரையில் உட்கார முடியுமா என்றுகூட யோசித்தேன்.

அண்ணன்தான் வழி சொன்னார். ஓனர் சாப்பிடப் போன நேரம்.

"பட்டை ஹெட்டுல இருந்து வந்தா மெஷின் ஓடற பக்கமாத்தான் விழும்மா. டிசைனைத் திருப்பி அடிச்சாலும் பட்டை திரும்பாது. ஃபைல்ல இருந்து வந்தா கூடவே திரும்பிடும். ரெண்டு துண்டு குடு, ஒண்ணு நேரா, ஒண்ணு குறுக்கால திருப்பி."

கொடுத்தேன். இரண்டும் வெளியே வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பட்டை திரும்பியிருந்தது.

அவர் துண்டுகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். பிறகு குப்பையிலிருந்து எடுத்து நான்காகக் கிழித்து மறுபடியும் போட்டார். ஓனர் திரும்பி வந்து, "கழுவினியா?" என்று கேட்டதற்கு, "கழுவிக்கினுதான் இருக்கறேன் சார்" என்று துணியை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டார்.

அந்த மத்தியானம் நான் ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்த்து, அந்த இருபதைக் கண்டுபிடித்தேன். தொலைந்துபோன ஆளை போலீஸ் ஸ்டேஷனில் பார்த்த மாதிரி இருந்தது. மூன்று வருடம். எத்தனை பேனர்! பஸ் ஸ்டாண்ட் எதிரில், மார்க்கெட் சந்தில், மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில். டீக்கடை ஓரத்தில் வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரில், இறந்துபோனவர் தலைக்குப் பின்னால் வானம் பட்டை பட்டையாக இருக்கும். அதெல்லாம் என் கை. அன்றிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதை விட்டுவிட்டேன்.

இருபதை அழித்து அங்கே போகக்கூடிய பெரிய எண்ணைப் போட்டேன். திரையில் பட்டை காணாமல் போனது. ஆனால் நடுவில் சாணி இருந்தது. அதற்கு இரண்டு நாள் ஆனது எனக்கு. பச்சையும் சிவப்பும் நேராகக் கலந்தால் சேறுதான் வரும். சாஃப்ட்வேருக்குத் தக்காளி தெரியாது, இரண்டு நிறத்துக்கு நடுவே குறுக்கு வழியாகப் போய்விடும். அதை மஞ்சள் வழியாகவும் காவி வழியாகவும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகவேண்டும். நடுவில் இளமஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று வைத்தேன். சேறு போனது.

அடித்த பிறகும் உற்றுப் பார்த்தால் மெலிசாகக் கோடு. பச்சைப் பக்கத்தில், நிறம் ரொம்ப மெதுவாக மாறும் இடத்தில். அண்ணன் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்ப வழவழன்னு இருக்கறதாலதான் கோடு தெரியுது. சிமெண்டுத் தரையில மணல் தூவி தேய்க்கறாங்கல்ல, அது மாதிரி எதுனா தூவ முடியுமா?" என்றார். தேடினேன். இருந்தது. ஷேடின் மேல் கண்ணுக்குத் தெரியாத பொடி தூவும் இடம். தூவினேன். கோடு மொத்தமாகக் கரைந்துபோனது. அந்தத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது பச்சை எங்கே முடிந்தது, மஞ்சள் எங்கே ஆரம்பித்தது என்று என்னாலேயே சொல்லமுடியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல ஷேடு நான் போட்டதில்லை. பழைய ஃபைல் மேலேயே இதைச் சேமித்துவிட்டேன். அந்த இருபது இனி எங்கேயும் இருக்கக்கூடாது என்று.

போர்டு போனது. அதிகாரி "சூப்பர்" என்று போனில் சொன்னாராம். ஓனர் சேலத்துப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "பாத்தியா, ஒழுங்கா கழுவினா வருதுல்ல" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். எனக்குக் காது சுட்டது.

ஒரு வாரம் இருக்கும். காலை பஸ்ஸில் ஷெட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். தக்காளிச் செடியின் கறை பிடித்துக் கறுத்துப்போன விரல்கள். ஒருத்தி கூட்டத்தை அழைத்துப் போகும் மேஸ்திரி, ஐம்பது வயதுக்காரி, பஸ் முழுக்கக் கேட்கும் குரல். இன்னொருத்தி அவளைவிடச் சின்னவள்.

"இன்னிக்கும் பெட்டி திரும்பி வருதா இல்லியான்னு பாரு. நேத்து ஆறு பெட்டி, காயா கீதுன்னு திருப்பிட்டாங்க" என்றாள் சின்னவள்.

"காயா பழமான்னு எவளுக்குத் தெரியுது? அந்தப் பழைய போர்டு இருக்க சொல்லோ எவ்ளோ சுளுவா இருந்துச்சு! எட்டாம் பட்டைன்னா எட்டாம் பட்டை. அழுகல் பட்டை மூணை வுட்டுடு, அந்தாண்ட பன்னண்டாம் பட்டை. முடிஞ்சு போச்சு. இப்ப வெச்சிருக்கறாங்களே ஒண்ணு!"

"அழகாத்தான்க்கா இருக்குது."

"அழகை வெச்சு நாக்கு வழிக்கறதா? ஆபீசரு வந்து இங்கன்னு கை வெச்சுட்டுப் போறாரு. கையை எடுத்தா எங்கன்னு எவளுக்கு ஞாபகம் இருக்கும்? நான் ஒண்ணு சொல்றேன், நீ ஒண்ணு சொல்றே. எந்த மவராசி போட்டாளோ, எண்ணத் தெரியாதவ போல!"

நடு சீட்டில் இருந்த நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஷெட் வந்தது, இறங்கிப்போனார்கள். அன்றைக்கு வெகுநாள் கழித்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். போர்டு பளபளவென்று இருந்தது. அதன் முன்னால் நாலைந்து பெண்கள் ஆளுக்கொரு தக்காளியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பழைய ஃபைல் இல்லை. இருந்தாலும் அந்தப் பட்டைகளை மறுபடியும் கொண்டுவரவேண்டும் என்றால் ஓனரிடம் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால், பட்டையை நினைத்தால் வரவைக்கவும் நினைத்தால் போகவைக்கவும் என்னால் முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மூன்று வருடம் யார் வரவைத்தது என்று கேட்காமல் இருப்பாரா? சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. பெட்டி திரும்பினால் திரும்பட்டும், அது அவர்கள் பாடு என்று மூன்று நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாளும் போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது.

நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை லீவு, ஷெட் உண்டு. சனிக்கிழமையே பச்சையிலிருந்து சிவப்பு வரைக்கும் விரல் அகலத் துண்டுகளாக நாற்பது நிறம் போட்டுவைத்திருந்தேன். அண்ணன் எதற்கு என்று கேட்கவில்லை, அடித்துக் கொடுத்தார். அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

மேஸ்திரி அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பஸ்ஸுல பாத்திருக்கறனே உன்னை."

"அந்த போர்டு போட்டது நாந்தாங்க."

"அடி சண்டாளி!" என்று இடுப்பில் கை வைத்தாள். "நான் திட்டத் திட்ட ஊமை மாதிரி உக்காந்துக்கினு இருந்தியே! ஏய் இங்க வாங்கடி, எண்ணத் தெரியாத மவராசி வந்திருக்கறா!"

எல்லோரும் வந்துவிட்டார்கள். சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் மூச்சு கொஞ்சம் இறங்கியது. பட்டை போட்டுத் தருகிறேன், எந்தெந்த நிறம் வேண்டும் என்று நீங்களே காட்டுங்கள் என்றேன். மேஸ்திரி அம்மாள் ஒரு சாக்கை உதறி விரித்தாள். இருபது தக்காளி கொண்டுவரச் சொன்னாள். ஏன் இருபது என்று கேட்டேன்.

"பழசுல இருபதுதானே இருந்துச்சு. கை விரல் பத்து, கால் விரல் பத்து. அதுக்கு மேல எவ எண்ணுவா?"

வரிசையாக அடுக்கினார்கள். பச்சையிலிருந்து சிவப்பு. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் சண்டை வந்தது.

"இதுதான் முன்னாடி. அடியில வெளுத்துருக்குது பாரு" என்றாள் சின்னவள்.

"அது வெயில் பட்ட வெளுப்புடி. காம்பைப் பாரு."

"நீ என்னாக்கா, மாப்ள பாக்கற மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கற?"

"மாப்ளய இப்பிடிப் பாத்திருந்தா நான் ஏன் இங்க வந்து தக்காளி பொறுக்கறேன்?"

அடுக்கி முடித்ததும் நான் குந்தி உட்கார்ந்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு விண்விண் என்றது. பச்சையில் மட்டும் ஏழு தக்காளி. ஒன்றுக்கொன்று வித்தியாசம் எனக்குத் தெரியவேயில்லை, அவர்களுக்குத் தெரிந்தது. செங்காயில் மூன்றே மூன்று. அந்த இடத்தில் தக்காளி சடாரென்று மாறிவிடுகிறது. சிவப்பில் பத்து. சாஃப்ட்வேர் எல்லாப் படியையும் ஒரே உயரத்தில் போடும். தக்காளி அப்படிப் போடுவதில்லை. இதைக் கண்டுபிடிக்க நான் மஞ்சளை வைத்து, ஆரஞ்சை வைத்து, மணலைத் தூவி எவ்வளவோ செய்தேன். வரிசையாக இருபது தக்காளியை அடுக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

போனில் படம் எடுத்தால் நிறம் மாறிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு தக்காளி பக்கத்திலும் என் துண்டுகளை வைத்து, ஒத்துப்போகிற துண்டின் பின்னால் பேனாவால் எண் போட்டேன். பொருந்தாவிட்டால் மேஸ்திரி அம்மாள், "வேற எடு, வேற எடு" என்று புடவைக் கடையில் கேட்கிற மாதிரி கேட்டாள். முடிய மத்தியானம் ஆனது. வரும்போது அந்த இருபது தக்காளியையும் என் துணிப்பையிலேயே போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் அதே குழம்புதான்.

திங்கட்கிழமை ஓனர் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தேன். அவர் வரும்போதே போனை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, அந்த தக்காளி ஆபீசர் போன் பண்ணினாரு. போர்டு நல்லாருக்குது, ஆனா பெட்டி திரும்புதுன்றாரு. கோடும் எடுத்தாச்சு, சேறும் எடுத்தாச்சு, இன்னும் என்னாதான் வேணுமாம் அவங்களுக்கு?"

"கோடு வேணுமாம் சார்."

அவர் நின்றுவிட்டார். நான் எழுந்து நின்றேன். எழுந்துவிட்டால் எழுப்பிவிடுவார்களே என்ற பயம் கொஞ்ச நேரத்துக்கு இருக்காது என்று நினைத்தேனோ என்னவோ. பெண்கள் பட்டையை எண்ணித்தான் பறிக்கிறார்கள் என்பதைச் சொன்னேன். நேற்று ஷெட்டுக்குப் போனதைச் சொன்னேன். துண்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்துக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணன் அந்தப் பக்கம் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஹெட்டுக்குக் கீழே குனிந்திருந்தார்.

"சார், பட்டை எப்பவுமே ஹெட்டுல இருந்து வரலைங்க. ஃபைல்ல இருந்துதான் வந்துச்சு. பழைய கம்ப்யூட்டர் நிக்குதுன்னு நாந்தான் ஒரு நம்பரைக் கொறைச்சு வெச்சேன். இதுலயும் அதே இருந்துச்சு. மூணு வருசமா."

மெஷின் அந்த நேரம் பார்த்து ஓடாமல் இருந்தது.

ஓனர் அண்ணனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாய்யா?"

அண்ணன் நிமிர்ந்து முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கினார். "எனக்கு என்னா சார் தெரியும். கழுவுன்னீங்க, கழுவினேன். ஹெட்டு மூணு வருசமா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது."

"அப்ப இவ்ளோ நாளு உன்னைத் திட்டினது?"

"அது பேடம்மா பேடான்னு நானே வுட்டுட்டேன் சார்" என்றார், ஓனரைப் பார்த்து அம்மா என்று. எனக்குத்தான் அது.

ஓனர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பதினொன்றாவதை ரொம்ப நேரம் வைத்திருந்தார். "இதெல்லாம் தக்காளி வெச்சுப் பாத்ததா?"

"ஆமாங்க சார்."

"சேலத்துக்காரன் ஷெட்டுல போயி குந்துவானா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, அண்ணனிடமா, தன்னிடமா தெரியவில்லை. பதிலுக்கு நிற்கவில்லை. "சரி, அந்த போர்டை மொதல்ல முடி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உட்கார்ந்தேன். இருபது பட்டை, ஒவ்வொன்றிலும் நான் எடுத்துவந்த நிறம், ஒவ்வொன்றின் மேலும் தலை அளவுக்கு எண். பட்டைக்கு நடுவே இந்தத் தடவை எந்தக் கலப்பும் இல்லை, கத்தியால் வெட்டின மாதிரி விளிம்பு. பத்தாவது வரைக்கும் போட்டபோது அண்ணன் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இடது பக்கம், கை இல்லாத பக்கம்.

"மன்னிச்சுக்கங்கண்ணா" என்றேன், திரையைப் பார்த்துக்கொண்டே.

"அந்த மருந்து வாடையில எனக்குச் சளியே புடிக்கறதில்லம்மா, நல்லதுதான்" என்றார். போய்விட்டார்.

போர்டு மாட்டினார்கள். அதிகாரிக்குப் பிடிக்கவில்லையாம், ஆனால் பெட்டி திரும்புவது நின்றதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓனர் சேலத்து ஆளைப் பற்றிப் பேசவில்லை. நான் இருக்கலாம் என்றும் சொல்லவில்லை. அதை அவர் வாயிலிருந்து எதிர்பார்ப்பதை நான் எப்போதோ விட்டிருக்கவேண்டும். இன்றும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் திறந்து பார்க்கிறேன், எண் மாறியிருக்கிறதா என்று. பேனருக்குப் பெரிய எண். பட்டை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அவர்கள் கேட்கும் எண். புதுப் பேனர்களில் வானம் ஒரே ஓட்டமாக இறங்குகிறது. பழைய பேனர்கள் இன்னும் ஊரில் தொங்குகின்றன. வெயில் அவற்றை வெளுக்க வைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் மெதுவாக.

பஸ்ஸில் மறுபடியும் ஜன்னலோரம் உட்காருகிறேன். காலையில் ஷெட்டுக்கு எதிரே பஸ் நிற்கும். இன்று அந்த அதிகாரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து கையைக் காட்ட, மேஸ்திரி அம்மாள் தோட்டத்துப் பக்கம் திரும்பி வாயில் கை குவித்து, "பதினொண்ணுடீ!" என்று கத்தினாள். வரப்பில் நடந்துகொண்டிருந்த பெண்கள், "பதினொண்ணு, பதினொண்ணு" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டே போனார்கள். நான் மடியில் பையின் மேல் விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஏழு பச்சை, மூன்று செங்காய். பதினொன்று சிவப்பின் முதல் படி. இன்றைக்கு லாரி பக்கத்து ஊருக்குத்தான்.